என்பாரும் உளர்

மன்னவனூரில் சித்தி வீட்டில் செல்பேசி சிக்னல் மாடிப்படியில் மட்டும்தான் கிடைக்கும். தங்கை அங்கே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பி.ஏ. தமிழ், இரண்டாம் ஆண்டு. சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை ஆசிரியை கூகுள் டாக்ஸில் ஏற்றி, வகுப்பு மொத்தமும் ஓரத்தில் குறிப்பும் கேள்வியும் எழுதச் சொல்லியிருந்தார். தங்கை ஒரு கேள்வியைத் தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள்.

“ஏன் அழிக்கிற?”

“எல்லாரும் பாப்பாங்கண்ணே. இதுகூடத் தெரியலயான்னு நெனப்பாங்க.”

இந்தப் பயம் எனக்குப் பழக்கம். முதல் வேலையில், கோட் ரிவ்யூவில் ஒரு கேள்வி கேட்க எனக்கு நான்கு மாதம் ஆனது. அவளுக்கு உ.வே.சா. கதையைச் சொன்னேன்.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஏராளமாகப் பாடம் கேட்டவர். அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரிடம் படித்த நூல்களை அடுக்கினார். முதலியார் அசரவே இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை.

பிரதி கையில் வந்தபிறகுதான் உண்மையான சிக்கல். நச்சினார்க்கினியர் உரை, எந்த நூலிலிருந்து என்று சொல்லாமலே மேற்கோள்களைக் கொட்டிக்கொண்டு போகிறது. லிங்க் இல்லாத விக்கிப்பீடியா! சமணக் கருத்துகளோ முழு இருட்டு. அதே ஊரில் சமணர்கள் சிந்தாமணியைப் புனித நூலாக வீட்டில் வைத்து வாசித்துவந்தது அவருக்குத் தெரியவந்தது. சைவ மடத்தில் படித்த ஸ்மார்த்த பிராமணர், கல்லூரிப் பண்டிதர், அவர்களிடம் போய் எனக்குப் புரியவில்லை என்று கேட்டார். அவர் திணறிய இடங்கள் அவர்களுக்கு அன்றாட விஷயம். 1887இல் வந்த பதிப்பில் அந்தப் பேச்சுகளும் இருக்கின்றன என்றே நினைக்கிறேன்.

நச்சினார்க்கினியரைப் பற்றியும் ஒரு செவிவழிக் கதை உண்டு. அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஏற்கவில்லையாம். அவர்களுடைய நூல்களைப் பயின்று மறுபடி எழுதினாராம். நடந்ததோ இல்லையோ, அப்படி ஒரு கதையை நம் ஆட்கள் வைத்திருந்தார்கள் என்பதே எனக்குப் போதும்.

உரை என்பதே இந்த ஓரச் சண்டைதான். திருக்குறளுக்குப் பத்துப் பேர் எழுதினார்கள் என்பது மரபு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் சேனாவரையர் இளம்பூரணரை இடத்துக்கு இடம் மறுக்கிறார். ஆனால் மறுக்கப்படும் கருத்தை முதலில் சொல்லியாக வேண்டும். ‘என்பாரும் உளர்’ என்று எழுதுவது அதனால்தான். தோற்ற கருத்தும் ஏட்டில் தங்கிவிடுகிறது. நம் கமென்ட்டில் டெலீட் பொத்தான் இருக்கிறது, அதுதான் வம்பு.

“சரி, உன் கேள்வி என்ன?”

“சச்சந்தன் விசயைய மட்டும் மயிற்பொறியில ஏத்தி அனுப்பிட்டு சாகுறான்ல. அவனும் ஏன் கூடப் போகல?”

நான் யோசித்தேன். பொறியின் எடை தாங்கும் திறன் என்று ஆரம்பித்தேன், அவள் முறைத்தாள்.

சிக்னலுக்காக இரண்டு படி மேலே ஏறி, அனுப்பிவிட்டாள். காலையில் அதன் கீழே ஏழு பதில்கள். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை.