பெட்டியடிப் பயிற்சி

வட்டிக்கடையில் எடுபிடியாகச் சேரும் சிறுவனைப் பல ஆண்டுகளில் சொந்தக் கடை வைக்கும் முதலாளியாக ஆளாக்கிய செட்டிநாட்டு நகரத்தாரின் தொழில்முறை. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதி முதல் 1930கள் வரை பர்மா, மலேயா, இலங்கை, இந்தோசீனம் ஆகிய நாடுகளில் செழித்திருந்தது. கீழச்சிவல்பட்டி போன்ற ஊர்களிலிருந்து 'கொண்டுவிற்க', அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் பெரும்பாலும் இவ்வழியே போனவர்கள்.

கோயிலும் உறவும்

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்தைச் சேர்ந்த கீழச்சிவல்பட்டிக்கு அருகில் உள்ளது இளையாற்றங்குடி. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களுள் அதுவே முதலாவது. ஏனையவை மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. இளையாற்றங்குடிக் கோயிலார் ஒக்கூர், பட்டினசாமி, பெருமருதூர், கழனிவாசற்குடி, கிங்கிணிக்கூர், பேரசெந்தூர், சிறுசேத்தூர் என ஏழு பிரிவினர். இந்தப் பட்டியல் கடை வரலாற்றுக்கும் வேண்டியதே. நகரத்தாரிடையே உறவைக் கோயிலே காட்டும்; பையனுக்கு வேலை கேட்கப் பங்காளி, மாமன், மைத்துனன் என்று உறவு பார்த்தே போனார்கள். அவன் கைநீளம் காட்டினால் தலைகுனிவு அந்த உறவு முழுவதற்கும்.

நிலைகள்

கணக்கறிவு வீட்டிலேயே தொடங்கியது. முந்திரி (320இல் ஒன்று), காணி (80இல் ஒன்று), மா (20இல் ஒன்று) என்னும் கீழ்வாய்க் கணக்கு மனப்பாடம். எழுதாமல் வட்டி சொல்லத் தெரிந்த பிறகே கப்பல்.

கடையில் முதற்படி பெட்டியடிப் பையன். கிட்டங்கி என்பது நீண்ட கூடம். அதன் இருபுறமும் சரிவுப் பலகை வைத்த சிறு மரப்பெட்டிகள், பக்கத்தில் இரும்புப் பெட்டகம். ஒவ்வொரு பெட்டியும் ஒரு கடை. முதலாளியும் ஏஜெண்டும் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து பேரேடு எழுத, பையன் கூட்டிப் பெருக்கி, சீட்டுக் கொண்டு போய், தவணை கேட்டு வருவான். இரவில் படுக்கையும் அதே கூடத்தில்தான். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவும் பினாங்கு வீதியும் இத்தகைய கிட்டங்கிகளுக்குப் பேர்பெற்றவை.

அடுத்த படி அடுத்தாள், அதாவது ஏஜெண்டின் உதவியாளர். அதற்கும் மேலே ஏஜெண்டு, அதாவது முதலாளியின் அதிகாரப் பத்திரம் பெற்றுக் கடையை நடத்துபவர். வேலை மூன்றாண்டுக் 'கணக்கு'. சம்பளத்தில் ஒரு பகுதியைப் புறப்படும்போதே குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். கணக்கு முடித்து ஊர் திரும்பும் ஏஜெண்டுக்கு லாபத்தில் பங்கும் உண்டு. பத்தில் ஒன்று என்பது பரவலான வழக்கம். அந்தப் பணத்தை முதலாளியிடமே வட்டிக்கு விட்டு வைத்து, இரண்டு மூன்று கணக்குக்குப் பிறகு தனி விலாசம் (கடைப்பெயர்) போட்டவர் பலர். சொற்பச் சம்பளத்தில் பெருக்கியவனும் ஒருநாள் தன் பெயரின் முதலெழுத்தில் கடை நடத்தலாம் என்று நம்ப இந்த ஏற்பாடே ஆதாரம். வெறும் நெஞ்சுரத்தை நம்பி யாரும் கடல் கடக்கவில்லை.

கைகொடுத்தல்

புதுக்கடைக்குப் பழைய கடை கைமாற்றுக் கொடுத்தது. ரங்கூன் முகல் தெருவிலிருந்த நகரத்தார் கோயிலில் கூடி மாதந்தோறும் நடப்பு வட்டியை நிர்ணயித்தனர். கடைக்குக் கடை கொடுக்கல் வாங்கல் அந்த விகிதப்படியே. ஆச்சிமார் சீதனப் பணமும் ('ஆச்சிமால்') கடையில் தனிக் கணக்காக நின்றது. மூன்றாண்டு ஆளில்லா வீட்டை நடத்திய அப்பெண்களின் பங்கைக் கடை ஏடுகள் சொல்வதில்லை, அது பெருங்குறை.

1930இல் வெளிவந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை, அங்கிருந்த செட்டியார் கடைகளைச் சுமார் 1,650 எனக் கணித்தது. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை சரியவே, உழவர்களுக்குக் கொடுத்த கடனுக்குப் பணத்துக்குப் பதில் நிலம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம், 1930களின் பிற்பகுதியில் 25 விழுக்காட்டை எட்டியது. பேராசை என்று இதைப் பழிப்பது எளிது. நிலத்தை வைத்துக்கொண்டு உழத் தெரியாதவர்கள் கேட்டது பணத்தைத்தான்.

இம்முறை பிற சாதியாரிடமும் பரவியது. சிங்கம்புணரியில் பிறந்து மேடானுக்குப் போன ப. சிங்காரம் எழுதிய 'கடலுக்கு அப்பால்' நாவலில் பினாங்கில் வட்டிக்கடை நடத்துபவர் ஒரு பிள்ளை. கதைத்தலைவன் செல்லையா அக்கடையின் அடுத்தாள்.

பிற்காலம்

1942இல் ஜப்பானியர் வர, பர்மாவிலிருந்து பலர் நடந்தே இந்தியா வந்து சேர்ந்தனர். பர்மாவில் 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம், 1963, 64இல் வங்கிகளும் கடைகளும் அரசுடைமை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் இடிபட்டன. இப்போது பிள்ளைகள் கல்லூரிப் படிப்புக்குப் போகின்றனர்.