இரவல் கோர்ட்டிலிருந்து சொந்தக் கூரைக்கு

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியில் உருவான ஸ்குவாஷ், 1884இல் நியூஹாம்ப்ஷயரின் செயின்ட் பால்ஸ் பள்ளி வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தது. இரண்டுமே செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படித்த பள்ளிகள். 1904இல் பிலடெல்பியாவில் தேசியச் சங்கமும் அமைந்தது. அதன்பின் ஏறக்குறைய நூறாண்டுகள் இந்த ஆட்டம் பெரும்பாலும் தனியார் கிளப்புகளிலும் பல்கலைக்கழகங்களிலும்தான் வாழ்ந்தது.

ஆட்டத்தின் அமைப்பும் இதற்கு ஒரு காரணம். ஒரு கோர்ட்டின் நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். நான்கு சுவர், மரத்தளம், மேலே கூரை. இத்தனையும் கட்டி முடித்தால் வழக்கமாக ஒரு நேரத்தில் ஆடுபவர்கள் இருவர்! பொதுப்பணத்தைக் கையாளும் எந்த நகர நிர்வாகமும் இதைவிடக் கூடைப்பந்துத் திடலைத்தான் விரும்பும்.

திறமை எங்கும் இருந்தது, வாசல்தான் இல்லை. பெஷாவர் அருகே நவாகில்லே கிராமத்தில் பிறந்த ஹாஷிம் கான், பிரிட்டிஷ் அதிகாரிகளின் கிளப்பில் பந்து பொறுக்கிப் போடும் சிறுவனாக இருந்தவர். அதிகாரிகள் ஓய்வெடுக்கும் நேரத்தில் வெறுங்காலுடன் ஆடிப் பழகிய அவர்தான் 1951இல் பிரிட்டிஷ் ஓபனை வென்றார்.

அமெரிக்காவில் அந்த வாசலைத் திறக்கும் முயற்சி 1996இல் பாஸ்டனில் தொடங்கியது. முன்னாள் தொழில்முறை வீரர் கிரெக் ஜாஃப் நிறுவிய ஸ்குவாஷ்பஸ்டர்ஸ், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஆட்டத்தையும் பாடத்தையும் சேர்த்துக் கற்பித்தது. முதலில் எல்லாம் இரவல் கோர்ட்டுகள்தான். 2003இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக வளாகத்தில், நன்கொடைகளைத் திரட்டி, எட்டுக் கோர்ட்டுகள் கொண்ட மையத்தை அந்த அமைப்பு எழுப்பியது. நியூயார்க்கின் ஹார்லெமில் ஜார்ஜ் போல்ஸ்கி 1999இல் தொடங்கிய ஸ்ட்ரீட்ஸ்குவாஷும் அதே பாதையில் நடந்து 2008இல் சொந்தக் கட்டடத்துக்குக் குடிபோனது. இத்தகைய அமைப்புகளை இணைக்கும் தேசியக் கூட்டமைப்பு 2005இல் உருவானது. கடல் தாண்டி, ஹார்வர்டின் முன்னாள் பயிற்சியாளர் சத்தீந்தர் பஜ்வா 2009இல் சண்டிகரில் இதே வகை அமைப்பான கேல்ஷாலாவைத் தொடங்கினார்.

பணம் எங்கிருந்து வந்தது என்பது முக்கியமான கேள்வி. கொடுத்தவர்களில் கணிசமானோர் கல்லூரி நாட்களில் ஸ்குவாஷ் ஆடி, பின்னாளில் வசதி பெற்றவர்கள். எந்த வட்டத்துக்குள் ஆட்டம் அடைபட்டிருந்ததோ, அந்த வட்டமே கதவைத் திறக்கவும் உதவியது. இதை மனதாரப் பாராட்டலாம். ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு: கொடுப்பவர் ஓரிடத்தில் ஆடுவார், பெறும் பிள்ளை வேறிடத்தில் ஆடும். அது நல்ல அறப்பணி, கிளப் ஆகாது.

அந்தக் குறையைத் தீர்க்க முயன்ற ஊர், மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாண்ட். பாஸ்டன், நியூயார்க்கோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய துறைமுக நகரம். சோமாலியா, காங்கோ போன்ற நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அங்கு கணிசமாக உள்ளன. பாரெட் டகேசியனும் நண்பர்களும் அங்கே போர்ட்லாண்ட் கம்யூனிட்டி ஸ்குவாஷைத் தொடங்கியபோது அவர்களுக்கும் சொந்த இடம் கிடையாது. நோயஸ் தெருவில், யூதர்களின் வழிபாட்டுக் கூடமாக இருந்த கட்டடம் விலைக்கு வந்தது. நன்கொடை திரட்டி அதை வாங்கினார்கள். தொழுகைக்கென எழுப்பிய உயரமான கூடம் கோர்ட்டுகளுக்கு இடம் கொடுத்தது; பிள்ளைகள் படிக்க வகுப்பறைகளும் அமைந்தன. 2017இல் கதவு திறந்தது.

இதைவிடப் பெரிய புதுமை உறுப்பினர் முறையில் இருந்தது. கட்டணம் வருமானத்துக்கு ஏற்ப மாறும். வழக்கறிஞரும் மருத்துவரும் தம்மால் இயன்றதைக் கட்டி ஆடும் அதே கூரையின்கீழ், பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளும் ஆடுகிறார்கள், வீட்டுப்பாடம் செய்கிறார்கள். கட்டடத்துக்குப் பணம் ஒருமுறை திரட்டினால் போதும். விளக்கு, குளிர்காலச் சூடேற்றம், பயிற்சியாளர் சம்பளம் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் வேண்டும். அதில் ஒரு பகுதியை உறுப்பினர் கட்டணம் ஏற்பதால், நன்கொடையாளரை மட்டுமே எதிர்பார்த்து நிற்கும் நிலை குறைகிறது.

பாஸ்டனும் ஹார்லெமும் இல்லாமல் போர்ட்லாண்ட் இல்லை. ஆனாலும் கொடுப்பவரையும் பெறுபவரையும் ஒரே உறுப்பினர் பட்டியலில் சேர்த்த வகையில், இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் 2017இல், நோயஸ் தெருவில்தான் நிகழ்ந்தது.