துரையின் பள்ளிக்கூடம்

எல்ல ரயில் நிலையத்தில் இறங்கித் தண்டவாளத்தின் ஓரமாகவே தெமோதரைப் பக்கம் நடந்தால் ஒன்பது வளைவுப் பாலத்தை அடையலாம். உலகின் நாலா திசையிலிருந்தும் வருகின்ற உல்லாசப் பயணிகள் அங்கே ரயிலுக்காகக் காத்திருந்து படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். 1921இல் கட்டப்பட்ட அந்தப் பாலத்தின் வழியாகத்தான் 1924 ஏப்ரலில் ரயில் பதுளை வரை சென்றது. ஊவாவின் தேயிலைப் பெட்டிகள் கொழும்புத் துறைமுகத்தைச் சென்றடையும் பாதை அன்றோடு முழுமை பெற்றது.

பாலத்துக்கு ஒரு வருடம் மூத்தது இன்னொன்று. 1920ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம். அதைப் பார்க்க யாரும் வருவதில்லை. ஆனால் பாலத்துக்கு மேலே, தேயிலைச் சரிவுகளுக்கு இடையில் தெரிகின்ற லயங்களில் பிறந்த நாலைந்து தலைமுறைப் பிள்ளைகளின் வாழ்க்கையை ரயிலைவிடவும் கூடுதலாகத் தீர்மானித்தது அந்தச் சட்டமும் அதற்கு முன்னும் பின்னும் வந்த சட்டங்களுமே என்பது, இந்தப் பக்கங்களில் பல வருடம் செய்தி சேகரித்தவன் என்ற வகையில் என் எண்ணம்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் வறுமையிலிருந்து தொடங்குவார்கள். அது தவறில்லை. ஆனாலும் சட்டப் புத்தகத்தை வரிசையாகப் புரட்டிப் பார்த்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. அங்கே திரும்பத் திரும்ப எழும் கேள்வி, இந்தப் பள்ளிக்கூடம் யாருடையது என்பதுதான்.

முதலில் அது யாருடையதாகவும் இருக்கவில்லை. கோப்பிக் காலத்தில், 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் போன்ற கிறிஸ்தவ அமைப்புகள் சில தோட்டங்களில் எழுத்தறிவித்தன. மற்ற இடங்களில் கொஞ்சம் படித்த ஒரு கங்காணியோ கணக்கப்பிள்ளையின் உறவினரோ மாலை வேளையில் லயத்துக் காம்பராவின் முன்னால் பிள்ளைகளை உட்கார வைத்து அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தார்கள். அரசாங்கம் இதில் தலையிடவில்லை. துரைமாரும் தலையிட விரும்பவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை மறுநாள் பெரட்டுக்கு வராது என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது.

இந்த நிலையை 1905இல் ஹேர்பர்ட் வேஸ் தலைமையிலான ஆணைக்குழு ஆராய்ந்தது. அதன் விளைவாக 1907இல் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 8ஆம் இலக்கச் சட்டமாக, பிறந்தது. ஒரே சட்டத்துக்குள் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. கிராமத்துப் பிள்ளையின் பள்ளிக்கு மாவட்டப் பாடசாலைக் குழு பொறுப்பு. தோட்டத்துப் பிள்ளையின் பள்ளிக்குத் தோட்ட முகாமையாளரான துரை பொறுப்பு. ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை தாய்மொழியில் கல்வி கொடுக்க வேண்டும், அதற்கொரு அறையை ஒதுக்கிப் பழுதுபார்த்து வைக்க வேண்டும் என்று சட்டம் அவருக்குச் சொன்னது. ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைக்குக் கல்வி பொது நிர்வாகத்தின் கடமை, அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைக்கு அது முதலாளியின் கடமை என்ற பிரிவினை அன்று எழுத்தில் ஏறியது. எழுதியவர்கள் தீய நோக்கத்தோடு எழுதினார்கள் என்று நான் கருதவில்லை. தோட்டம் என்பது துரையின் ராஜ்ஜியம் என்று அன்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள், சட்டமும் ஒப்புக்கொண்டது.

1920ஆம் ஆண்டுச் சட்டம் இதே ஏற்பாட்டை இறுக்கியது. தகுதியான ஆசிரியரையும் பொருத்தமான கட்டடத்தையும் வைத்திருப்பது தோட்டத்தின் கட்டாயக் கடமையாயிற்று. வயதெல்லை மட்டும் அந்தப் பத்திலேயே நின்றது. பத்து வயதுக்குப் பிறகு பிள்ளை எங்கே போகும்? அதற்கான பதிலை இன்னொரு சட்டம் சொல்லிற்று. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நிர்ணயிக்கப்பட்டு 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலியைப் பாருங்கள்: உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். குறைந்தபட்சக் கூலி பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆயினும் ஒரே அரசாங்கம் ஒரு கையால் பள்ளி அறைக்கு அளவு சொல்லிவிட்டு மறு கையால் பிள்ளையின் உழைப்புக்கு விலைப் பட்டியல் எழுதிற்று. லயத்தில் வாழும் தாய் தகப்பனுக்கு 32 சதம் என்பது கண்ணுக்குத் தெரியும் கணக்கு.

அடுத்து வருவது இலங்கையின் கல்வி வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கப்படும் அத்தியாயம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது 1939இல் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. நாட்டின் கல்விக்கு இன்றும் அடிப்படையாக உள்ள சட்டம் அதுவே. 1943இல் அவரது விசேட குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1945 ஒக்டோபர் முதலாம் திகதி முதல் இலவசக் கல்வி. ஏழைப் பிள்ளைகளுக்காக மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. கிராமத்து விவசாயியின் மகன் வைத்தியரானான், பொறியியலாளரானான். கன்னங்கராவை நானும் மனமார வணங்குகிறேன்.

ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்கு அதே ஐந்தாம் வகுப்பு. அதே ஒற்றை ஆசிரியர். இலவசக் கல்வியின் ஏணி ஆறாம் வகுப்புக்கு மேலேதான் உயர்ந்து போனது. இவர்களோ அதன் முதற்படிக்குக் கீழேயே நின்றார்கள்.

கன்னங்கரா இதை அறியாதவர் அல்லர். 1947ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் முதன்முதலாக அந்தப் பழைய பிரிவினையின் மேல் கை வைத்தது. போதிய பிள்ளைகள் உள்ள தோட்டங்களில் உரிமையாளர் பாடசாலைக் கட்டடமும் ஆசிரியருக்கு வீடும் விளையாட்டு நிலமும் தோட்டமும் ஒதுக்கித் தர வேண்டும். பாடசாலையை நடத்துவது அரசாங்கம். காகிதத்தில் இது ஒரு புரட்சி. அந்த வருடப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேர் வென்றார்கள், பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். சட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேட்க ஆள் இருந்தார்கள்.

ஒரு வருடம்தான். 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் திருத்தச் சட்டம். 1952 தேர்தலில் பதுளைத் தோட்டங்களின் வாக்காளர் இடாப்பில் தொழிலாளரைத் தேட வேண்டியிருந்தது. பிரஜாவுரிமை பறிப்பைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அது பள்ளிக்கூடத்தை என்ன செய்தது என்பதைத்தான் நாங்கள் போதிய அளவு எழுதவில்லை, நான் உட்பட. வாக்கில்லாத இடத்தில் எந்த அமைச்சரும் பள்ளிக்கூடம் திறக்க வருவதில்லை. 1947ஆம் ஆண்டுத் திருத்தம் புத்தகத்தில் கிடந்தது. அரசாங்கம் ஏற்ற தோட்டப் பாடசாலைகள் மிகச் சிலவே.

இதன் உச்சம் 1960. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்பதற்கான 5ஆம் இலக்கச் சட்டமும், அதைத் தொடர்ந்து 1961இல் 8ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக் கட்டடங்களுக்குள் இரவும் பகலும் குடியிருந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பத்திரிகைகளில் மாதக்கணக்கில் அதுவே செய்தி. அரசாங்கம் எங்கள் பள்ளியை எடுக்காதே என்று நாடு முழுவதும் ஒரு குரல் எழுந்த அதே காலத்தில், அரசாங்கம் எடுத்துக்கொள்ளாதா என்று காத்திருந்த ஏறத்தாழ எண்ணூறு பள்ளிக்கூடங்கள் மலையகத்தில் இருந்தன. அந்தச் சட்டங்கள் அவற்றைத் தொடவில்லை. மதச் சபைகளும் தனியாரும் அரச நன்கொடையோடு நடத்திய பள்ளிகளைப் பற்றியே அவை பேசின. தோட்டப் பள்ளி தோட்டத்தின் உடைமையாயிற்றே! நியமன உறுப்பினராகத் தொண்டமான் சபையில் அமர்ந்திருந்தார். அவர் பின்னால் இருந்த மக்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை.

ஆசிரியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டப் பள்ளி ஆசிரியருக்குத் தோட்டமே சம்பளம் கொடுத்தது. அரசாங்க ஆசிரியருக்குரிய ஓய்வூதியமும் இடமாற்ற உரிமையும் அவருக்கு எட்டாதவை. காலையில் பாடம், பிற்பகலில் தோட்டக் காரியாலயத்துக்கு எழுத்து வேலை, இரவில் தபால் வாசித்துக் காட்டுவது, திருவிழாவுக்குக் கணக்கெழுதுவது. துரையின் முகம் கோணினால் வேலையும் வீடும் ஒரே நாளில் போய்விடும். அவர்களில் பலர் தாமே நாடற்றவர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பிள்ளைகளின் பெயர்கள் இடாப்பிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டப்பட்டன. சில வேளைகளில் வெட்டிய ஆசிரியரே அடுத்த வாரம் தலைமன்னார் ரயிலில் ஏறினார்.

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. முதலாளி மறைந்ததும், முதலாளியின் பள்ளிக்கூடம் என்ற ஏற்பாட்டுக்குக் காரணமும் மறைந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கி 1980 வாக்கில் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்து சேர்ந்தன. கிராமத்துப் பள்ளி பொது நிர்வாகத்தின் பொறுப்பாகி எழுபது வருடங்களுக்கு மேல் கழித்து!

அப்போது இளம் நிருபனாகப் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புகள், ஐந்து திசைகளைப் பார்த்தபடி. நரைத்த ஆசிரியர் ஒருவர் பழைய வரவு இடாப்பை எனக்குக் காட்டினார். பெயர்களுக்கு நேரே, பத்து வயதை எட்டியவர்களின் வரிசையில், "வேலைக்குப் பேர் பதிந்தாயிற்று" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. அரசாங்கம் தம்மைச் சேர்த்துக்கொள்ளுமா என்பது அன்று வரை அவருக்குத் தெரியவில்லை. பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டிருந்தார்களாம். "பள்ளிக்கூடத்துக்குப் பிரஜாவுரிமை கிடைச்சிருச்சிங்க, வாத்தியாருக்குத்தான் இன்னும் வரல" என்று சிரித்தார். அந்த வாசகத்தை நான் அன்று செய்தியில் சேர்த்தேன். மறுநாள் பத்திரிகையில் அது இல்லை.

அதன் பின் நடந்தவற்றில் நல்லவை உண்டு. எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன, தோட்டத்து இளைஞர்கள் ஆசிரியர்களானார்கள். ஜெர்மனியின் உதவியோடு கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி உருவாயிற்று. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் நாடற்றோர் பிரச்சினையைத் தீர்த்தன. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மாகாண சபைகளை அமைத்தபோது எல்ல, பதுளை, ஹப்புத்தளைத் தோட்டப் பள்ளிகள் ஊவா மாகாண சபையின் நிர்வாகத்துக்குள் வந்தன. (அந்தச் சபையின் பதவிக்காலம் 2019 ஒக்டோபரில் முடிந்தது. பிறகு ஆளுநரே.) கட்டாயக் கல்விக்கான ஒழுங்குவிதிகள் 1998 முதல் நடைமுறைக்கு வந்து, 5 முதல் 14 வயது என்றன, 2016இல் அது 16 ஆயிற்று. 1920இன் பத்து வயதிலிருந்து பதினாறை எட்ட 96 வருடங்கள்.

இருந்தும் ஒன்று உறுத்துகிறது. தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடங்களை நிரப்ப 2014இல் ஏறத்தாழ 3,000 பேரைச் சேர்க்க முடிவாகி, 2015இல் நியமனம் நடந்தது. அவர்களுக்குக் கொடுத்த பெயர் ஆசிரியர் உதவியாளர். மாதப் படி 6,000 ரூபாய். போராட்டங்களுக்குப் பிறகு 10,000. அப்போது கூட்டு ஒப்பந்தத்தின்படி தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் கொடுப்பனவுகளோடு சேர்த்து 620 ரூபாய். கொழுந்து பறிக்கும் தாய் பத்து நாளில் பெற்றதை, உயர்தரம் சித்தியடைந்த அவள் மகள் வகுப்பறையில் ஒரு மாதம் நின்று பெற்றாள். வகுப்பு முழுவதையும் தனியாக நடத்திய அந்தப் பிள்ளைகள் யாருக்கு உதவியாளர்களாக இருந்தார்கள் என்பதை எனக்கு இன்றுவரை யாரும் விளக்கவில்லை. பயிற்சி பெற்ற பின்னரே நிரந்தர ஆசிரியர் சேவை என்பது விதி. அதை நான் அறிவேன். பயிற்சி முடியும் வரை பஸ் கூலி யார் கொடுப்பது?

சில மாதங்களுக்கு முன் எல்லப் பக்கம் போயிருந்தேன். பாலத்தருகே சுற்றுலாக்காரர் கூட்டம். மேலே ஏறிப் போனால் தோட்டத்துப் பாடசாலை. வாசலில் மும்மொழியில் ஊவா மாகாணத்தின் பெயர்ப் பலகை, புதிய வண்ணத்தில். உள்ளே அதிபர் ஒரு கடிதத்தைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தார். மாணவிகளுக்கு இன்னுமொரு மலசலகூடம் கட்டப் பணம் வந்திருக்கிறது. வேலிக்கு அப்பால் சிறு துண்டு நிலம் வேண்டும். யாருக்குக் கடிதம் என்று கேட்டேன். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். முதல் வரியில் இருந்தது: "தோட்ட முகாமையாளர் அவர்களுக்கு".