வால்பாறை மேட்டுநிலத்தின் கோடைத் தொடக்கக் காட்டுயிர்க் காட்சிகள்

வால்பாறையில் கோடைத் தொடக்கம் என்பது பங்குனியும் சித்திரையும். அதாவது காப்பிச் செடி பூக்கும் நாள்களுக்கும் தென்மேற்குப் பருவமழை இறங்கும் ஜூனுக்கும் இடைப்பட்ட காலம். கோயம்புத்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேயிலையும் காப்பியும் விரிந்து கிடக்கும் இந்த மேட்டுநிலத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் காடு. ஒரு பக்கம் 2007இல் அறிவிக்கப்பட்ட ஆனைமலைப் புலிகள் காப்பகம். கேரள எல்லைக்கு அப்பால் பரம்பிக்குளம், வாழச்சால், இரவிகுளம். தோட்டங்களுக்கு நடுவே நாற்பதுக்கும் மேற்பட்ட சிறுசிறு மழைக்காட்டுத் துண்டுகள் தப்பிக் கிடக்கின்றன. இந்தப் பருவத்தில் இங்கே கண்ணில் படும் யானை, காட்டுமாடு, வரையாடு, சோலைமந்தி, இருவாச்சி ஆகியவற்றைச் சுற்றுலாக் கையேடுகள் பட்டியலாகத் தருவது வழக்கம். பட்டியல் தவறில்லை. ஆனால் எந்த விலங்கு எந்த இடத்தில் காணப்பட்டது என்று சேர்த்துப் படித்தால் அது வேறொன்றைச் சொல்கிறது. தேயிலைக்கு நடுவே உள்ள காட்டுத் துண்டுகளைத் தீவுகள் என்று எழுதுவது பழகிப்போயிற்று; கோடைத் தொடக்கத்துக் காட்சிகள் அந்தக் கணிப்பைச் சில உயிர்களுக்கு மறுக்கின்றன, சிலவற்றுக்கு உறுதிசெய்கின்றன. ஒரு துண்டு தீவா இல்லையா என்பதை அதன் பரப்பளவு தீர்மானிப்பதைவிட, இடையில் உள்ள நிலத்தை எந்த உயிர் எப்படிக் கடக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

தீவு என்ற கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மக்ஆர்தர், வில்சன் என்ற இரு அறிவியலாளர்கள் 1967இல் வெளியிட்ட நூல், கடல் தீவுகளில் எத்தனை வகை உயிர்கள் நிலைக்கும் என்பதைத் தீவின் பரப்பைக் கொண்டும் பெருநிலத்திலிருந்து அது உள்ள தூரத்தைக் கொண்டும் விளக்கியது. அந்தக் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் வெட்டுண்ட காடுகளுக்கும் பொருத்தினார்கள். வால்பாறை அதற்குக் கச்சிதமான இடமாகவே தோன்றும். 1890களில் தொடங்கிச் சில பத்தாண்டுகளுக்குள் மழைக்காடு வெட்டி எடுக்கப்பட்டு, எட்டிய மட்டும் ஒரே உயரத்தில் கவாத்து செய்த தேயிலை வந்தது. சரிவிலும் பள்ளத்திலும் தோட்டக்காரர்கள் விட்டுவைத்த காடு மட்டும் மிஞ்சியது. மேலிருந்து எடுத்த படத்தில் கரும்பச்சைத் திட்டுகள் இளம்பச்சைப் பரப்பில் மிதப்பதுபோல் தெரியும். ஆனால் அது வானத்திலிருந்து பார்ப்பவருடைய பார்வை. கடலைக் கால்நடையாகக் கடக்கும் விலங்கு இல்லை. தேயிலையைக் கடக்கும் விலங்குகள் பல.

முதல் சான்று யானை. வால்பாறை எஸ்டேட்டுகளை ஆண்டுதோறும் நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் பயன்படுத்துகின்றன. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் உடன் பணியாற்றியவர்களும் யானைக் கூட்டங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து கண்டது, அவை திறந்த தேயிலையை விரும்புவதில்லை என்பதே. பகலில் காட்டுத் துண்டுகளிலும் ஆற்றோர மரக்கூட்டங்களிலும் தங்கி, இருட்டிய பின் தேயிலையைக் கடந்து அடுத்த மறைவிடத்துக்குப் போகின்றன. யானைக்கு ஒரு துண்டு வாழிடம் ஆகாது, வழியில் தங்குமிடம் ஆகும். கோடையில் ஓடைகள் சுருங்கும்போதும் சோலையாறு அணையின் நீர் இறங்கிக் கரையில் புது விளிம்பு தெரியும்போதும் இந்த ஆற்றோரப் பட்டைகளே போக்குவரத்தின் முதுகெலும்பு. இரவில் பாதை கடக்கும் யானையும் லைன் வீட்டுக்குத் திரும்பும் தொழிலாளியும் ஒருவரை ஒருவர் அறியாமல் எதிர்ப்படுவதுதான் பெரும்பாலான உயிரிழப்புகளுக்குக் காரணம். அந்தப் புரிதலிலிருந்து பிறந்ததே யானை இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாகவும் கைப்பேசியால் எரியவைக்கும் சிவப்பு விளக்காகவும் தெரிவிக்கும் ஏற்பாடு. 2015இல் அதற்காக ஆனந்தகுமாருக்கு இயற்கைப் பாதுகாப்புப் பணிக்கான விட்லி விருது கிடைத்தது. துண்டுகள் உண்மையில் தீவுகளாக இருந்திருந்தால் இந்த விளக்குகளுக்கு வேலையே இருந்திருக்காது.

இரண்டாவது சான்று பறப்பது. பெரிய இருவாச்சி தை, மாசியில் மரப்பொந்துக்குள் போய் வாயிலை அடைத்துக்கொள்கிறது. பெண் உள்ளே முட்டையிட்டு அடைகாக்க, ஆண் மூன்று நான்கு மாதங்கள் பழம் கொண்டுவந்து ஊட்டுகிறது. ஆகவே பங்குனி, சித்திரையில் பள்ளத்தாக்கைக் கடந்து திரும்பத் திரும்பப் பறக்கும் தனி இருவாச்சி பெரும்பாலும் ஊட்டும் கடமையில் இருக்கும் ஆணாக இருக்கும். அது போய்வரும் இடங்களே முக்கியம். வால்பாறையில் நடந்த ஆய்வுகள், பெருமரங்கள் நிற்கும் நிழல் காப்பித் தோட்டங்களிலும் இருவாச்சி கூடு கட்டுவதையும், அத்திப் பழங்களோடு ஆப்பிரிக்காவிலிருந்து நிழலுக்காகக் கொண்டுவந்து நட்ட மீசோப்சிஸ் மரத்தின் பழங்களையும் தின்பதையும் பதிவு செய்துள்ளன. காட்டுக்கு வெளியே உள்ள நிலமும் ஒரு குஞ்சை வளர்க்கப் பங்களிக்கிறது. தேயிலையில் அது நடப்பதில்லை. மரம் இருக்கும் காப்பியில் நடக்கிறது. எஸ்டேட் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு நிலங்கள் இருக்கின்றன.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். தேயிலையில் இடுப்புயரத்துக்கு மேல் எதுவும் இல்லை, ஆகவே அங்கே காட்டுமாடு மேய்ந்தாலும் கடமான் நின்றாலும் அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தெரியும். சோலைக்குள் பத்தடி தள்ளி நிற்பது தெரியாது. மேலும் பள்ளி விடுமுறையும் மே மாதக் கோடை விழாவும் வண்டிகளைக் குவிக்கின்றன, பார்க்கும் கண்கள் பெருகுகின்றன. அப்படியானால் காட்சி மிகுதி என்பது விலங்கின் நடமாட்டத்தைக் காட்டுகிறதா, மனிதர் பார்க்கும் வசதியைக் காட்டுகிறதா? இந்தத் தடை நியாயமானது, எண்ணிக்கை பற்றிய எந்தக் கூற்றையும் அது சாய்த்துவிடும். கோடையில் காட்டுமாடு அதிகம் என்று சாலையோரக் காட்சிகளைக் கொண்டு சொல்ல முடியாது. யானையைப் பொறுத்தவரை, எஸ்டேட் பகுதியில் அதன் வரத்து கோடையைவிட ஆண்டின் கடைசி, தொடக்க மாதங்களிலேயே மிகுதி. விடுமுறைப் பயணியின் கணக்கு அதைத் தலைகீழாகக் காட்டக்கூடும். ஆனால் இங்கே வாதம் எண்ணிக்கையைப் பற்றியதன்று. ஒரு விலங்கு ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்பதை நிறுவ அது இடையில் காணப்பட்டதே போதும், எத்தனை முறை என்பது இரண்டாம் கேள்வி. அதோடு சான்று கண்ணை மட்டும் நம்பியும் இல்லை: எஸ்டேட்டுகளுக்குள் ஓடும் ஓடைகளில் சிறுநகம் கொண்ட நீர்நாய்களை ஆய்வாளர்கள் அறிவது பெரும்பாலும் பாறைகளில் அவை விட்டுச்செல்லும் எச்சத்தால்தான். எச்சத்துக்குச் சுற்றுலாப் பருவம் கிடையாது.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு, அதுவே எல்லோரும் பார்ப்பது. வால்பாறை நகரை ஒட்டிய புதுத்தோட்டத்தில், நூறு ஹெக்டேருக்கும் குறைவான ஒரு துண்டில், சிங்கவால் குரங்கு எனப்படும் சோலைமந்திகள் சாலையில் நடந்து வருகின்றன, கூரைமேல் உட்காருகின்றன, குப்பையைக் கிளறுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே உலகில் எங்கும் இல்லாத இக்குரங்கு, தொடர்ந்த காட்டில் தரையைத் தொடாமலே நாளைக் கழிக்கக்கூடியது. கோடையில் பழம் குறையும்போது வெடிப்பலா மரத்தின் பூக்களைத் தின்று சமாளிப்பது அதன் பழைய வழி. வெடிப்பலா அருகிய துண்டில் அது இறங்கி வருகிறது. அதை எளிதாகப் பார்க்க முடிவதைக் காட்டின் செழிப்புக்கு அடையாளமாக எடுத்துக்கொள்வது பிழை. யானைக்கும் இருவாச்சிக்கும் ஓரளவு கடக்கக்கூடிய அதே தேயிலை, மரத்தை விட்டு இறங்கத் தயங்கும் குரங்குக்கு உண்மையான நீர்ப்பரப்பு.

அங்கே மந்திகளின் தொகை முன்பைவிடக் கூடியிருக்கிறதே, தனித்திருப்பதால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களும் உண்டு. சோலைமந்திக் கூட்டத்தில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்க, ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகும். போக வேறு காடு இல்லாத இடத்தில் தொகை கூடுவது நெரிசலாகிறது. நெரிசல் சாலைக்கும் சமையலறைக்கும் வழிகிறது. கூடுதல் பிறப்பு ஒரு துண்டின் வளத்தைக் காட்டலாம், அதன் வெளிவழியைக் காட்டாது.

அளவில் இன்னும் கீழே போனால் சாட்சிகள் அருகிவிடுகின்றன. கோடை மழைத் துளிக்கு ஆண்டில் சில நாள்கள் மட்டும் மண்ணிலிருந்து வெளிவந்து இனப்பெருக்கம் செய்யும் ஊதாத் தவளை, 2003இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. அது ஆனைமலையிலும் உண்டு. சருகைக் குவித்து மழைக்கு முன் முட்டையிடும் ராஜநாகம் இதே வாரங்களில் கூடு கட்டுகிறது. கீழே டாப்சிலிப் பக்கம் உலாந்தி வனச்சரகத்தில் 2022 ஏப்ரலில் வனத்துறையின் ஆய்வு, மின்மினிகள் கோடிக்கணக்கில் ஒரே தாளத்தில் ஒளிர்வதைப் பதிவு செய்தது. ஈர மண்ணில் வாழும் தவளைக்கு மருந்து தெளித்த, வெயில் விழும் தேயிலைச் சரிவு எவ்வளவு அகலமானது என்பதைச் சாலையோரப் பார்வையாளர் ஒருபோதும் அறியப் போவதில்லை. காட்சிப் பட்டியலின் மிகப் பெரிய குறை இதுதான்: துண்டு யாருக்கு முழுமையாகத் தீவாகிவிட்டதோ, அந்த உயிர் பட்டியலிலேயே வராது.

வரையாடு இந்த வரிசையில் சற்றே விலகி நிற்கிறது. ஆழியாற்றிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதான லோம்ஸ் காட்சிமுனையருகே, தையில் பிறந்த குட்டிகளோடு அது சாலைச் சுவரில் நிற்பது கோடையின் வழக்கமான காட்சி. அதன் வாழிடமான பாறைச் சரிவும் மேல் புல்வெளியும் தேயிலை வருவதற்கு முன்பே இயல்பாகத் துண்டுபட்டவை. அதன் தனிமைக்குத் தோட்டக்காரரைக் குறை சொல்ல இயலாது. 2024 ஏப்ரல் கடைசியில் தமிழ்நாடு நடத்திய கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதும் 1,031 வரையாடுகள் பதிவாயின. சுவரில் நிற்கும் ஆட்டுக்குப் பிஸ்கட் நீட்டுவோர் மாநிலத்தில் அதன் தொகை ஒரு நடுத்தரப் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை அளவே என்பதை அறிந்தால் நல்லது.

இவற்றிலிருந்து நடைமுறைக்கு வருவது, எங்கே மரம் நடுவது என்ற கேள்வி. 2000களின் தொடக்கத்திலிருந்து இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் எஸ்டேட் நிர்வாகங்களோடு சேர்ந்து சிதைந்த துண்டுகளில் மண்ணுக்குரிய மழைக்காட்டு மரங்களை நட்டு வருகிறார்கள். 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் இது மிகச் சிறிது என்ற விமர்சனம் பரப்பளவை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் சரி. ஆற்றோரத்தில் ஒரு பட்டை யானைக்குப் பகல் மறைவாகவும் நீர்நாய்க்குக் கரையாகவும் ஆகிறது. காப்பியின் நடுவே நிற்க விட்ட ஒரு பெருமரம் இருவாச்சிக்குப் பொந்தாகிறது. சோலைமந்திக்கு இந்தச் சிக்கனம் போதாது. புதுத்தோட்டச் சாலைக்கு மேலே கட்டப்பட்ட தொங்கு பாலங்கள் அவை வண்டியில் அடிபடுவதைக் குறைக்கின்றன. ஆனால் அந்தப் பாலத்தின் இரு முனையும் அதே துண்டில்தான் இருக்கின்றன.