சூரியனுக்குக் கணக்கு எழுதிய வியாபாரி

1855 முதல் பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் தபால்தலை அச்சிட்டுக் கொடுத்த நிறுவனம் லண்டனின் டி லா ரூ. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வாரன் டி லா ரூவுக்குத் தொழில் காகிதமும் அச்சும், ஆசை வானியல்.

அன்று சூரியப் புள்ளிகளைக் கையால்தான் வரைந்தார்கள். வரைபவர் மாறினால் புள்ளியின் அளவும் இடமும் மாறிவிடும். தினமும் புகைப்படம் எடுக்கலாமே என்று 1854-ல் ஜான் ஹெர்ஷல் யோசனை சொன்னார். அதற்கான கருவியை வடிவமைத்தவர் டி லா ரூ.

நட்சத்திரத்தைப் படம் எடுக்க வெளிச்சம் போதாது. சூரியனிலோ வெளிச்சம்தான் தொல்லை! அதனால் மூன்றரை அங்குலத்துக்கும் குறைவான லென்ஸே போதுமாக இருந்தது. மெல்லிய பிளவு கொண்ட தகடு ஒன்று ஸ்பிரிங் விசையில் பாய்ந்து செல்லும்; அந்தக் கணத்தில் மட்டும் ஒளி கண்ணாடித் தட்டில் விழும்.

1858-ல் கியூ வானாய்வகத்தில் வேலை தொடங்கியது. 1873-ல் கருவி கிரீனிச்சுக்குப் போனது. அங்கே வேறு கருவிகளும் சேர்ந்து, 1874 முதல் 1976 வரை சூரியப் புள்ளிகளின் பதிவு தொடர்ந்தது.

இன்று சிறு தொலைநோக்கியின் முன்பக்கம் சூரிய வடிகட்டி பொருத்திப் படம் எடுப்பவர்களும் இதையே செய்கிறார்கள். ஆனால் ஒரு படம் ஒரு நாள் வரவு மட்டுமே. விடாமல் எழுதினால்தான் அது பேரேடு!