குதிரையின் பின்குடல் நொதித்தலும் காவிரிப் படுகைத் தீவனமும்

குதிரை அசைபோடாத புல்லுண்ணி. மாடு தின்ற நார் இரைப்பையிலேயே நொதிக்கிறது. குதிரை தின்றது சிறுகுடலைக் கடந்து, பின்குடலான குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் நொதிக்கிறது. அங்கு வாழும் நுண்ணுயிரிகள் நாரைச் சிதைத்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக்குகின்றன. புல்லே முதன்மை உணவான குதிரைக்கு, ஆற்றலில் பாதிக்கு மேல் இவற்றிலிருந்துதான் கிடைக்கிறது.

நெல் மண்ணில் குதிரைக்குத் தீவனம் அமைப்பது பழைய சிக்கல். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாண்டியர் ஆண்ட மாபார் கடற்கரைக்கு ஆண்டுதோறும் அரபு, பாரசீகக் குதிரைகள் வந்ததையும், அவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மாண்டதையும் மார்க்கோ போலோ பதிவுசெய்தார். இறைச்சியோடு வேகவைத்த அரிசியே அவற்றின் உணவு என்றும் எழுதினார். வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பசும்பால் ஆகியவற்றைச் சொல்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப். குதிரை வைத்தியம் தெரிந்தவர் இல்லாததே சாவுக்குக் காரணம் என்பது போலோவின் கருத்து. வெப்பமும் கடற்பயணக் களைப்பும் சேர்ந்திருக்கலாம். ஆனால் இந்தத் தீவனப் பட்டியலே போதிய ஐயத்தை எழுப்புகிறது.

சோறு தன்னளவில் நஞ்சல்ல. வெந்த மாவுச்சத்து பச்சைத் தானியத்தைவிடச் சிறுகுடலில் நன்றாகவே செரிக்கும். கேடு அளவில் இருக்கிறது. ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்குள் மாவுச்சத்தை நிறுத்துவது நல்லது என்பது இன்றைய பரிந்துரை. சிறுகுடலால் செரிக்க முடியாத மிச்சம் பின்குடலில் விழுந்ததும் லாக்டிக் அமிலம் பெருகும், நார் சிதைக்கும் நுண்ணுயிரிகள் மடியும். வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் தொடரும். வளர்ந்த குதிரைக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவு என்பதால் பாலும் அங்கேயே போய் நொதிக்கும்.

காவிரி டெல்டாவில் எளிதாகக் கிடைப்பவை வைக்கோலும் தவிடும். வைக்கோலில் புரதம் குறைவு, சிலிக்கா மிகுதி. தவிட்டில் எண்ணெயும் பாஸ்பரசும் மிகுதி, சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. அதையே நம்பி வளர்க்கும் குதிரையின் எலும்பு மெலிந்து முகம் புடைக்கும். நெல் தரிசில் விளையும் உளுந்து, பயறு ஆகியவற்றின் காய்ந்த கொடி, பூஞ்சை இல்லாதிருந்தால், வைக்கோலைவிட மேல். புன்செய்க் கொள்ளு புரதம் தரும். ஊறவைத்து வேகவைத்தால் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் குறையும்.

இன்றைய துணைத்தீவனங்களில் அதிகம் ஆராயப்பட்டது உயிருள்ள ஈஸ்ட். தானியம் மிகுந்த உணவில் அமிலப் பெருக்கத்தைத் தணிக்கவும் நார் செரிமானத்தைக் கூட்டவும் அது உதவுவதாகச் சில ஆய்வுகள் காட்டின. வேறு சிலவற்றில் மாற்றம் தெரியவில்லை. புல்லைக் குறைத்து ஈஸ்ட்டைக் கூட்டுவதில் பொருளில்லை. தீவனத்தை மாற்றினால் பத்து நாளுக்குக் குறையாமல் படிப்படியாக மாற்ற வேண்டும். நுண்ணுயிரிகளுக்கு அந்த அவகாசம் தேவை.

மாட்டுக்கு வைக்கோலை யூரியா தெளித்துப் பதப்படுத்தும் முறை குதிரைக்குப் பொருந்தாது. யூரியாவின் பெரும்பகுதி சிறுகுடலிலேயே இரத்தத்தில் கலந்துவிடும். பின்குடல் நுண்ணுயிரிகள் ஆக்கும் புரதமும் பெரும்பாலும் சாணத்தோடு வெளியேறிவிடும்.