கொல்லயில்

கொல்லயில், கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள ஒரு கிராமப் பஞ்சாயத்து. நெய்யாற்றின்கரை நகருக்கும் பாறசாலைக்கும் நடுவில், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து சிறிது தொலைவில் இருக்கிறது. பாறசாலைச் சட்டமன்றத் தொகுதியிலும் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியிலும் அடங்கும். தனுவச்சபுரம், மஞ்சவிளாகம் ஆகியவை இதன் அறியப்பட்ட பகுதிகள்.

தஞ்சைப் பக்கம் போலத் தெருத்தெருவாக அடைந்து நிற்கும் ஊரை இங்கே தேடக் கூடாது. மேடும் பள்ளமுமாகப் புரண்டு கிடக்கும் செம்மண் நிலம் இது. மேட்டில் தனித்தனி வீடுகள். ஒவ்வொன்றையும் சுற்றி அதற்கான விளை, அதாவது தோட்டம். தென்னை, வாழை, மரச்சீனி என்கிற மரவள்ளி, பலா, மா, நல்லமிளகு எல்லாம் ஒரே விளையில் நெருங்கி வளரும். அண்மைத் தலைமுறைகளில் ரப்பரும் சேர்ந்துகொண்டது. இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளம்தான் ஏலா. ஒரு காலத்தில் முழுக்க நெல் விளைந்த ஏலாக்களில் இன்று வாழையே அதிகம். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் துலாமழை என்னும் வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால் பச்சை குறைவதில்லை. வறட்சிக் காலத்தில் சோற்றுக்கு ஈடாக நின்ற மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா.

அகத்தியமலைப் பகுதியில் பிறந்து பூவாறு அருகே கடலில் சேரும் நெய்யாறுதான் இந்த வட்டாரத்தின் ஆறு. சுமார் 56 கிலோமீட்டர் நீளமே ஆனாலும் இதன் கரையில் நடந்தவை பெரியவை. 1888இல் அருவிப்புறத்தில் ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாக நாராயண குரு நிறுவினார். கோயிலுக்குள் நுழைய முடியாதிருந்த மக்களுக்கு அந்த ஒரு செயல் திறந்துவிட்ட வழி, கேரள வரலாற்றின் போக்கையே மாற்றியது. அருவிப்புறம் நெய்யாற்றின்கரைக்கு அருகிலேயே இருக்கிறது.

நெய்யாற்றின்கரை எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்பது ஒருகாலத்தில் தீராத கேள்வி. நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களோடு நெய்யாற்றின்கரையையும் தமிழகத்துக்குக் கேட்டது. அந்தப் போராட்டத்தின்போது 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று முதல் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கொல்லயில் அப்படித்தான் எல்லைப்புற ஊரானது. மொழியை வைத்துக் கோடு கிழித்தார்கள். ஆனால் இங்குள்ள மலையாளத்தில் தமிழும், எல்லைக்கு அப்பாலுள்ள களியக்காவிளைத் தமிழில் மலையாளமும் கலந்தே ஒலிக்கின்றன. கல்யாணச் சம்பந்தம், சந்தை, வைத்தியம் எதற்கும் அந்தக் கோடு தடையாகவில்லை.

தடையானது தண்ணீருக்கு. நெய்யாறு அணையின் இடக்கரைக் கால்வாய், ஆற்றின் இந்தப் பக்கத்து நிலங்களுக்குப் பாசனம் தந்துவிட்டு எல்லை கடந்து விளவங்கோடு வட்டத்துக்கும் போகும்படி அமைக்கப்பட்டது. அங்கே சுமார் 9,200 ஏக்கர் அதை நம்பியிருந்தது. 2004இல் கேரளம் நீரை நிறுத்தியது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடையிலான ஆறே அல்ல என்பது கேரளத்தின் வாதம். நீர்ப்பிடிப்பில் ஒரு பகுதி 1956க்குப் பின் தங்கள் எல்லைக்குள் வந்துவிட்டது என்கிறது தமிழகம். 2012இல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. சட்டம் எப்படியிருந்தாலும், ஒரே அரசின் குடிகளாக இருந்த உழவர்களில் ஒரு சாராருக்கு மட்டும் கால்வாய் வறண்டது நியாயமில்லை.

கோடு மறக்கப்படும் நாட்களும் உண்டு. நவராத்திரியை ஒட்டி, பத்மநாபபுரத்துத் தேவாரக்கெட்டு சரஸ்வதியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், வேளிமலைக் குமாரசுவாமியும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் பயணம் இவ்வூர்ப் பக்கமுள்ள நாகர்கோவில்–திருவனந்தபுரம் நெடுஞ்சாலை வழியாகவே செல்கிறது. களியக்காவிளையில் கேரளக் காவல்துறை வரவேற்று மரியாதை செய்யும். பாறசாலை கடந்து நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயிலில் இறங்கும்வரை வழிநெடுக விளக்கும் தட்டமுமாக மக்கள் காத்து நிற்பார்கள். திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடுவதில்லை என்ற வழக்கத்தை 2006இல் மாற்றியவரும் இந்த வட்டாரத்தில் பிறந்தவர்தான்: பாடகி பாறசாலை பி. பொன்னம்மாள் (1924–2021). அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

கிறிஸ்தவத்தின் வேரும் இங்கே ஆழம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாறசாலை, லண்டன் மிஷனின் முக்கிய மையங்களில் ஒன்று. ஜான் ஆப்ஸ், சாமுவேல் மட்டீர் ஆகியோர் இங்கிருந்து பணியாற்றினர். பக்கத்துக் காரக்கோணத்தில் உள்ள சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிக்கு டாக்டர் ஹோவார்ட் சாமர்வெல் பெயர் சூட்டியிருக்கிறார்கள். வட இங்கிலாந்தில் மலைகளும் பள்ளத்தாக்குகளும் சூழ்ந்த கெண்டல் ஊர்க்காரர் அவர். 1922, 1924 எவரெஸ்டு பயணங்களில் ஏறியவர். முதல் பயணம் முடிந்து தென்திருவிதாங்கூருக்கு வந்தவர், நெய்யூர் மருத்துவமனையில் நோயாளிகள் காத்துக் கிடந்ததைக் கண்டு, லண்டனில் காத்திருந்த உயர்வை விட்டுவிட்டு அங்கேயே பல பத்தாண்டுகள் தங்கினார்.

தனுவச்சபுரத்தில் வேலுத்தம்பி நினைவு என்.எஸ்.எஸ். கல்லூரி 1964 முதல் இயங்குகிறது. திருவனந்தபுரம்–நாகர்கோவில் ரயில்பாதை 1979இல் திறக்கப்பட்டது. நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை என அடுத்தடுத்து நிலையங்கள். காலைப் பாசஞ்சர் வண்டியில் குமரி மாவட்டத்திலிருந்து மாணவரும் வேலைக்குச் செல்வோரும் திருவனந்தபுரம் நோக்கி வருவார்கள். உதியன்குளங்கரையில் இறங்கினால் நெடுஞ்சாலையிலிருந்து தனுவச்சபுரத்துக்குப் பேருந்து கிடைக்கும்.